கடைமடைக்கும் தண்ணீர் பாய வேண்டும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில், பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



'வகுப்பறையில் புதிய கருவிகள்' என்ற பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்திருக்கிறார்கள். நாங்கள் பொறியாளர்கள் அல்லர். கணினி விற்பவர்களும் அல்லர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையிலுள்ள கிராமங்களில் சாக்பீஸும் கையுமாக வயது முதிர்ந்தவர்கள். ஆகவே, ஏட்டில் படித்ததைக் குறைத்து, கண்ணால் கண்டதையே அதிகம் சொல்ல விரும்புகிறோம். அதில் எங்கள் பிழையும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறோம்.

நம்முடைய பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் உண்டு; இல்லையேல் கருவேலங்காடுதான். கண்மாய்ப் பாசனம் எப்படி என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மடையைத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் தானாக நிறைந்துவிடும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமானால், நீர்ப்பாய்ச்சி ஒருவன் மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுகிலும் நடக்க வேண்டும். அடைப்பை எடுக்க வேண்டும். உடைப்பைக் கட்ட வேண்டும். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும், நடக்கிற ஆள் இல்லையென்றால் கடைமடை காய்ந்துதான் போகும்.

வகுப்பறையும் அப்படித்தான். முன் பெஞ்சில் இருக்கும் சுறுசுறுப்பான பிள்ளை தலைமடை வயல். அதற்கு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பிள்ளைதான் எங்கள் கடைமடை.

எங்கள் பிழை

எங்களிடம் ஒரு பையன் படித்தான். பெற்றோர் கரிமூட்டம் போடுகிறவர்கள். வேலை கிடைக்கும் இடத்துக்கெல்லாம் குடும்பத்தோடு போவார்கள். பையன் சில மாதம் வருவான், சில மாதம் வரமாட்டான். நல்ல குணம். சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் படிப்பு ஏறவில்லை. சொல்வதெழுதுதல் வைத்தால், 'பணம்' என்று நாங்கள் சொன்னதை 'மணம்' என்று எழுதுவான். 'பாடு' என்றால் 'மாடு' என்று எழுதுவான். வகுப்பே சிரிக்கும். வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் சிரித்திருக்கிறோம். அவனுடைய முன்னேற்ற அட்டையில் 2 ஆண்டுகள் தொடர்ந்து 'கவனக் குறைவு' என்று எழுதினோம்.

ஒருநாள் எங்களில் ஒருவர் தம்முடைய கைப்பேசியில் ஒரு பாட்டுப் பாடத்தைப் போட்டு, பிள்ளைகள் கையில் வரிசையாகக் கொடுத்துக் கேட்கச் செய்தார். இவன் முறை வந்தது. வாங்கியவன் சத்தத்தைக் கடைசி வரை கூட்டினான். கைப்பேசியைக் காதோடும் கன்னத்தோடும் அழுத்தி வைத்துக்கொண்டான். பக்கத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் மட்டும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 'ப' என்று சொன்னாலும் 'ம' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அந்தப் பையன் காதால் கேட்டு எழுதவில்லை. எங்கள் உதட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான்! அவனுடைய கவனம் குறையவில்லை. எங்களில் எவரைக் காட்டிலும் அவன்தான் அதிகக் கவனமாக இருந்திருக்கிறான்.

முகாமுக்கு அழைத்துப் போனோம். இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. அவனுடைய தாயார் எங்களிடம் சொன்ன வார்த்தை இன்னமும் மனத்தை அறுக்கிறது: "அவன் பேசாம இருக்கறது அவன் குணம்னு நெனச்சிட்டோம் சார். காது கேக்கலைன்னு தெரியாமப் போச்சே!" அந்த அம்மாளுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் குற்றம்.

கருவி வந்தால் போதுமா?

அவனுக்குக் காது மிஷின் கிடைத்தது. இனிக் கவலை இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு மாதத்துக்குள் அவன் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 'அரசாங்கம் கொடுத்ததை மதிக்கத் தெரியவில்லையே' என்று மறுபடியும் அவனையே கடிந்துகொண்டோம்.

வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர்தான் எங்கள் கண்ணைத் திறந்தார். காது மிஷின் நம்முடைய பேச்சை மட்டும் கூட்டித் தருவதில்லை. பெஞ்சை இழுக்கும் சத்தம், மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து வகுப்பு ஒப்பிக்கும் வாய்ப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறது. அந்தப் பையனுக்கு வகுப்பறை சந்தைக்கடை ஆகிவிட்டது. அவன் கழற்றாமல் என்ன செய்வான்? மேலும், பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால், திறந்த வெளிக் கணக்குப்படி ஒலி 6 டெசிபல் குறைந்துபோகும். கடைசி பெஞ்சுக்கு எங்கள் குரல் போய்ச் சேருமுன் இரைச்சல் முந்திக்கொள்ளும்.

சிறப்பாசிரியர் சொன்னபடி நாங்கள் செய்தவை மிகச் சிறிய காரியங்கள். அவனை முன்வரிசையில் உட்கார வைத்தோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பெஞ்சுக் கால்களுக்கு உறை போட்டோம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கத்தை விட்டு, எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசினோம். முகத்தில் வெளிச்சம் படும்படி நின்றோம். புதிய சொல்லைச் சொல்லுமுன் எழுதிக் காட்டினோம். திரையில் பாடம் போட்டால், கீழே எழுத்து வருகிற படத்தையே தேடிப் போட்டோம். அதன் பிறகு காது மிஷின் அவன் காதிலேயே இருந்தது. படிப்பும் மெல்ல வந்தது. ஆனால் போன 2 ஆண்டுகள் போனவைதாம். அவற்றை எந்தக் கருவியாலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அன்று நாங்கள் கற்றது இதுதான்: கருவி என்பது கண்மாய்த் தண்ணீர். அதைக் கடைமடைக்குக் கொண்டுபோகிற நீர்ப்பாய்ச்சி, ஆசிரியர்.

நாம் கண்ட கருவிகள்

கருவி என்றதும் மின்சாரத்தில் ஓடுவதையே நினைக்கிறோம். நம் நாட்டில் பள்ளிக்கு வந்த பெரிய கருவி எது என்று கேட்டால், பசித்த பிள்ளைக்கு வைத்த சோறு என்றுதான் நாங்கள் சொல்வோம். நம் விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. வயிறு காய்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தத் திரையும் பாடம் சொல்லாது.

அதற்குப் பிறகு வந்தவை பல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகள், 2007-2008-இல் மாநிலம் முழுவதும் வந்தன. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு அச்சாயிற்று. 2019 ஆகஸ்டு 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2022 ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைக் கண்டறிந்து கற்பிக்கச் சொன்னது. அண்மை ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் வந்திருக்கின்றன.

இவற்றின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டியது கொரோனாக் காலம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. பத்தொன்பது மாதங்களுக்கு மேல்! தொலைக்காட்சியில் பாடம் வந்தது உண்மை. ஆனால் தறிச் சத்தம் ஓயாத ஒற்றை அறை வீட்டில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து பார்க்கும்? வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் வந்தால் அண்ணன் கைக்குப் போகும். தங்கை கைக்கு வரும்போது சார்ஜ் இருக்காது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கி, தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அதன் அருமை அப்போது விளங்கிற்று. அங்கேயும் நீர்ப்பாய்ச்சி தேவைப்பட்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வழி

மானாவாரி நிலத்தில் நம் பெரியவர்கள் ஒரே பயிரை மட்டும் விதைக்க மாட்டார்கள். கம்புக்கு நடுவே துவரை போடுவார்கள். ஒன்றின் வேர் மேலே, மற்றொன்றின் வேர் ஆழத்தில். ஒன்று சீக்கிரம் அறுவடைக்கு வரும். மற்றொன்று பொறுத்து வரும். ஒரே மழை, எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளும் இத்தகையவர்களே.

பார்வை மங்கிய பிள்ளைக்கு: கரும்பலகையை ஆசிரியர் கைக்கணினியில் படம் எடுத்து, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தால், வேண்டிய மட்டும் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முன், கண்ணாடி போட்டால் தீரும் குறையா என்று பார்க்க வேண்டும். பலகையில் வெயில் பட்டுப் பளபளக்கிறதா என்று அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அறவே பார்வையில்லாத பிள்ளைக்குப் பிரெயில் உண்டு. லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட அந்த முறையில் ஆறே புள்ளிகள், 63 சேர்க்கைகள். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வகுக்கப்பட்டது. இன்று கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள்களும் உள்ளன. அவற்றுள் 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. தங்கள் குறையைத் தாங்களே அறிந்தவர்கள் செய்த கருவி என்பதால் அதற்குத் தனிச் சிறப்பு.

எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு: நம் தமிழில் 247 எழுத்துகள். 'கெ', 'கே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் குறி இருபுறமும் நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டது; திணறும் பிள்ளைக்கு அது மலை. இதற்கு நாங்கள் கண்ட எளிய வழி: பாடத்தை ஆசிரியரே நிறுத்தி நிதானமாகப் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்வது. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி விரலை ஓட்டிப் போகும். தவறினால் திரும்பப் போட்டுக் கேட்கும். பத்து முறை கேட்டாலும் கைப்பேசி முகம் சுளிக்காது. அந்தப் பொறுமையில் அது எங்களை வென்றுவிட்டது என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பதினோராம் முறை, 'சபாஷ், வந்துவிட்டதே!' என்று முதுகில் தட்டிக் கொடுக்க அதற்குக் கை இல்லை.

வேலை தேடிப் பெற்றோர் போகுமிடமெல்லாம் போய் வரும் பிள்ளைக்கு: விட்ட பாடத்தைத் தொடர, பாடநூலின் கியூ.ஆர். குறியீடும் பதிவு செய்த பாடங்களும் துணை. ஆனால் அவற்றைவிட முதன்மையானது, 'எப்போது வருவாய்? உன் இடம் காலியாகவே இருக்கிறது' என்று ஆசிரியர் பேசும் ஒரு தொலைபேசிப் பேச்சு. அதே கருவிதான், பயன்படுத்தும் மனம்தான் வேறு.

உரிமை, தருமம் அன்று

இவையெல்லாம் நாம் போடும் பிச்சை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதை உரிமையாக்கியுள்ளன. நம் தென்பாண்டிச் சீமையில் இதற்கு நீண்ட வரலாறும் உண்டு. பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், மிஸ் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி கண்டார்கள். அவர்கள் காலத்தில் மின்சாரம் ஏது? கணினி ஏது? பிள்ளையால் முடியும் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்கள் கையிலிருந்த முதல் கருவி.

'எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா? நாங்கள் படிக்கவில்லையா?' என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படித்தீர்கள், ஐயா. ஆனால் உங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, ஐந்தாம் வகுப்புக்கு முன் நின்றுபோனவர்களை எண்ணிப் பாருங்கள். ஆடு மேய்க்கப் போனவர், தறிக்குப் போனவர், 'அவனுக்குப் படிப்பு வராது' என்று நாம் ஒதுக்கியவர். அவர்களில் எத்தனை பேருக்குக் காது கேட்கவில்லை? எத்தனை பேருக்குக் கண் தெரியவில்லை? யாரும் பார்க்கவில்லையே!

எதிர்ப்புறத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. பெரிய திரையை மாட்டிவிட்டால் பள்ளி உயர்ந்துவிட்டது என்று நினைப்பது. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் கல்வியில் தொழில்நுட்பத்தைப் பற்றியே ஓர் உலக அறிக்கை வெளியிட்டது. கருவி யாருடைய நலனுக்கு, யாருடைய நிபந்தனைப்படி என்ற கேள்வியையே அது முன்னே வைத்தது. திரை ஓடும்போது வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கண்டு நாங்களும் ஏமாந்திருக்கிறோம். எங்கள் கடைசி பெஞ்சுப் பையனும் 2 ஆண்டுகள் அமைதியாகத்தானே இருந்தான்?

எனவே நாங்கள் எங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம்.

1. எந்தக் கருவியை எடுத்தாலும், 'இன்று இது எந்தப் பிள்ளைக்காக?' என்று முதலில் கேட்டுக்கொள்வது.

2. கருவி முதலில் கடைசி பெஞ்சுக்குப் போய், பிறகு முன் பெஞ்சுக்கு வருவது.

3. திரையில் 10 நிமிடம் பார்த்தால், அடுத்த 10 நிமிடம் பிள்ளைகள் பேசவோ, எழுதவோ, செய்து காட்டவோ வேண்டும்.

4. கரண்டு போனாலும் சிக்னல் கிடைக்காவிட்டாலும் நடத்துவதற்கு அதே பாடத்துக்கு அட்டையோ, கல்லோ, புளியங்கொட்டையோ தயாராக வைத்திருப்பது.

5. 'கவனக் குறைவு' என்று எழுதுமுன், கண்ணையும் காதையும் சோதித்துவிட்டோமா என்று பார்ப்பது. இந்த ஐந்தாம் விதி எங்கள் பிழை எங்களுக்குக் கற்றுத் தந்தது.

ஒரு வேண்டுகோள்

நிறைவாக, இந்தப் பொன்விழாவின் நினைவாகப் பள்ளிக்குப் பெரிய திரை ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று பழைய மாணவர்கள் நிதி திரட்டி வருவதை அறிவோம். உங்கள் அன்புக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆயினும் பிள்ளைகளின் பொருட்டு உரிமையோடு ஒன்று கேட்கிறோம். சற்றுச் சிறிய திரையாக வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில், ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் காதும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். காது மிஷினுக்கு பேட்டரி வாங்க ஒரு சிறு நிதி வையுங்கள். பேட்டரி தீர்ந்துபோய்ப் பெட்டியில் கிடக்கும் கருவி யாருக்கும் உதவாது. கேட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கைந்து ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். இவற்றைப் படம் பிடித்துப் போட்டால் பெரிய திரையைப் போல எடுப்பாக இராது. ஆனால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படித்தால், திட்டாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். குறை உள்ள பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். நாங்கள் கவனிக்கத் தவறினால், எங்களையும் தட்டிக் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தாங்கிக்கொள்ளும் கடமை எங்களுக்கு உண்டு.

அந்தப் பையன் எங்கள் பள்ளியை விட்டுப் போகும் நாளில், எங்களிடம் வந்து காது மிஷினைத் தொட்டுக் காட்டி, "சார், பணம்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "மணம்" என்றான். இரண்டையும் தெளிவாக, வேறு வேறாகச் சொன்னான். நாங்கள் வாங்கிய விருது அதுதான். இன்னும் எத்தனை கடைசி பெஞ்சுகளில் எத்தனை பேர் எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்ற கவலையோடும், அவர்களைக் கண்டுகொள்வோம் என்ற உறுதியோடும் எங்கள் உரையை முடிக்கிறோம்.